ஆள் தேடுறதுல கெட்டி, ஆஃபர் பேசுறதுல கோட்டை விட்டாங்க: ஒரு ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி பத்தி என் ரிவ்யூ

பதினாலு மாசமா ஒரு ரெக்ரூட்மென்ட் ஏஜென்சி கூட வேலை பாத்துட்டு இருக்கோம், அவங்க சர்வீஸ் பத்தின ரிவ்யூ இது. பேரு போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை இவங்ககிட்ட மட்டும் இருக்கறது இல்ல, நடுவுல ஒரு ஆள வெச்சு சம்பளம் பேசுற எந்த எடத்துலயும் வரக்கூடியது. நான் ஹெச்ஆர் கிடையாது, ஒரு டீம் நடத்துறவன், யார எடுக்கறதுங்கற முடிவு என்னோடது, பட்ஜெட்டும் ஓரளவுக்கு என் கையில. இந்த பதினாலு மாசத்துல இவங்க மூலமா 9 பேருக்கு ஆஃபர் குடுத்தோம். 5 பேர் சேந்தாங்க, 3 பேர் வேண்டாம்னுட்டாங்க, ஒருத்தர் சரின்னு சொல்லிட்டு ஜாயின் பண்ற நாள்ல வரவே இல்ல. சேந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் நாலாவது மாசமே கெளம்பிட்டாரு. இந்த ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு தேடிப் பாத்தப்பதான் இத எழுதணும்னு தோணுச்சு.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். ஆள் தேடுறதுல இவங்க உண்மையிலயே கெட்டிக்காரங்க. வேலை விவரத்த அனுப்பிட்டா அப்படியே போர்டல்ல போட்டுட்டு உக்காந்துருக்க மாட்டாங்க, போன் பண்ணி ஒரு மணி நேரம் கேள்வி கேப்பாங்க, "இந்த ஆள் சேந்து ஆறு மாசம் கழிச்சு என்ன செஞ்சு முடிச்சிருந்தா நீங்க சந்தோஷப்படுவீங்க"ன்னு கேட்டாங்க, அதுக்கு முன்னாடி யாரும் என்கிட்ட அப்படி கேட்டதில்ல. அனுப்புன ப்ரொஃபைல் பத்துக்கு ஏழு தேறும். இன்டர்வியூ ஷெட்யூல், ரெஃபரன்ஸ் செக், நோட்டீஸ் பீரியட்ல வாரா வாரம் கூப்பிட்டு பேசுறது எல்லாமே ஒழுங்கு. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல.

பிரச்சனை ஆரம்பிச்சது ஆஃபர் பேசுற கட்டத்துலதான். அவங்க பேக்கேஜ்லயே ஆஃபர் நெகோஷியேஷனும் சேத்திதான், அதாவது நம்ம ஒரு நம்பர குடுத்துட்டா போதும், கேண்டிடேட்கிட்ட அவங்களே பேசி முடிச்சுக் குடுப்பாங்க. எனக்கு அது பெரிய நிம்மதியா இருந்துச்சு, ஏன்னா காசு பேசுறதுன்னாலே எனக்கு சங்கடம், நாளைக்கு பக்கத்துல உக்காந்து வேலை பாக்கப்போற ஆள்கிட்ட போய் இவ்வளவுதான் தர முடியும்னு எப்படி சொல்றதுன்னு தோணும். அதனால முழுசா அவங்ககிட்டயே விட்டுட்டேன்.

நெஜ சம்பளத்த இங்க எழுத முடியாது, அதனால அந்த வேலைக்கான சம்பள பேண்டோட, அதாவது அந்த வேலைக்கு கம்பெனி வெச்சிருக்கற சம்பள வரம்போட, நடு எண்ண 100ன்னு வெச்சுக்கறேன். கீழ் எல்லை 92, மேல் எல்லை 108. இனிமே வர்ற எண்ணெல்லாம் இந்தக் கணக்குதான்.

மொத ஆஃபர் 98. கேண்டிடேட் 103 கேட்டிருக்காரு. என்கிட்ட 104 வரைக்கும் அப்ரூவல் இருந்துச்சு, ஆனா ஏஜென்சில இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை கூட கேக்காம "இதுதான் ஃபைனல், இதுக்கு மேல கம்பெனி ஏறாது"ன்னு சொல்லிட்டாங்க. அவரு வேற எடத்துல சேந்துட்டாரு. எனக்கு வந்த தகவல் "கேண்டிடேட்டுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல". ரெண்டு வாரம் கழிச்சு அவரே மரியாதைக்கு ஒரு மெசேஜ் அனுப்பிருந்தாரு, டீம் ரொம்ப பிடிச்சிருந்துச்சு, கொஞ்சம் ஏறிருந்தா கண்டிப்பா வந்திருப்பேன்னு. அத படிச்சிட்டு அன்னிக்கு முழுக்க எனக்கு வேலை ஓடல.

ஏன் அப்படி பண்ணாங்கன்னு அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். அவங்க ஃபீஸ் முதல் வருஷ சம்பளத்துல 20%. 98க்கு முடிஞ்சா அவங்களுக்கு 19.6, 103க்கு முடிஞ்சா 20.6. வித்தியாசம் வெறும் 1. ஆனா என்கிட்ட திரும்பி வந்து, நான் ஃபைனான்ஸ்கிட்ட போய், ரெண்டு மூணு நாள் இழுத்து, அதுக்குள்ள கேண்டிடேட்டுக்கு வேற ஆஃபர் வந்துட்டா மொத்த 19.6ம் போச்சு. அதனால அவங்களுக்கு வேண்டியது சீக்கிரமா ஒரு "சரி", அது எந்த எண்ல வந்தாலும் பரவால்ல. ஏஜென்சி நம்ம பக்கமா கேண்டிடேட் பக்கமான்னு நெறைய பேர் கேப்பாங்க, கமிஷன்ல ஓடுற வேலைல அவங்க டீல் முடியறதோட பக்கம், அவ்வளவுதான். அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, காண்ட்ராக்ட்ட அப்படி எழுதி கையெழுத்து போட்டது நாங்கதான்.

அந்த வராம போனவரு கதையும் இதே மாதிரிதான். ஆஃபர் லெட்டர் போன அன்னிக்கே, 24 மணி நேரத்துல பதில் சொல்லலன்னா ஆஃபர் கேன்சல்னு அவருக்கு சொல்லிருக்காங்க. நான் அப்படி ஒரு கெடு வெக்கவே இல்ல. அவருக்கு இன்னொரு எடத்துல கடைசி ரவுண்டு பாக்கி இருந்துச்சு, நாலு நாள் டைம் கேட்டிருக்காரு, தரல. வேற வழி இல்லாம சரின்னு சொல்லிட்டு, நோட்டீஸ் பீரியட் முழுக்க தேடிட்டே இருந்து, ஜாயின் பண்ற அன்னிக்கு போன ஆஃப் பண்ணிட்டாரு. நம்ம ரெண்டு மாசம் காத்திருந்து, லேப்டாப் வாங்கி வெச்சு, மத்தவங்க வேலைய இழுத்துப் போட்டு செஞ்சதெல்லாம் வீணாப்போச்சு. கழுத்துல கத்தி வெச்சு வாங்குற சம்மதத்துக்கு மதிப்பே கெடையாதுங்க, நாலு நாள் குடுத்திருந்தா ஒண்ணு மனசார வந்திருப்பாரு, இல்ல அன்னிக்கே இல்லன்னு சொல்லிருப்பாரு, நம்ம அடுத்த ஆள பாத்திருக்கலாம்.

இப்போ எனக்கு ரொம்ப வருத்தம் தந்த விஷயத்துக்கு வர்றேன், இதுல தப்பு பாதி என்னோடது. ஏஜென்சி எல்லா கேண்டிடேட்கிட்டயும் இப்போ எவ்வளவு வாங்குறீங்கன்னு கேட்டு ஒரு ஷீட்ல போட்டு அனுப்புவாங்க. ஒரே வேலைக்கு, ஒரே அனுபவத்தோட, ஒரு மாச இடைவெளில ரெண்டு பேர எடுத்தோம். ஒருத்தர் பழைய சம்பளம் 71, இன்னொருத்தர் 97. மொத ஆளுக்கு 93 குடுத்தோம், 31% ஹைக்கு, பெரிய ஹைக்குன்னு நாங்களே பெருமையா நெனச்சோம். ரெண்டாவது ஆளுக்கு 107, வெறும் 10% ஹைக்கு, பாவம் கம்மியா குடுக்கறோமேன்னு கூட நெனச்சேன். ரெண்டு பேரும் அடுத்தடுத்த சீட்டு. சம்பளம்லாம் ரகசியமாவே இருக்கும்னு யாரும் நெனைக்காதீங்க, மூணு மாசத்துல தெரிஞ்சிடும், தெரிஞ்சுது. 93 வாங்குனவரு என்கிட்ட வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "சார், என் வேலைல ஏதாவது கொறை இருக்கா?" கொறை எதுவுமே இல்ல, சொல்லப்போனா ரெண்டு பேர்ல அவருதான் ஒரு படி மேல. அடுத்த வாரமே பேப்பர் போட்டாரு. ஏஜென்சியோட ரீப்ளேஸ்மென்ட் கேரண்டி, அதாவது சேந்தவரு கெளம்பிட்டா ஃபீஸ் இல்லாம வேற ஆள் தேடித் தர்ற காலம், 90 நாள், அவரு பேப்பர் போட்டது அத தாண்டி மூணு வாரத்துல. திரும்ப ஆள் தேட திரும்ப ஃபீஸ்.

பழைய சம்பளம்ங்கற அந்த ஒரு எண்ணு மண்டைக்குள்ள என்ன பண்ணுதுன்னு அப்பதான் படிச்சேன். ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 1974ல எழுதுன ஒரு கட்டுரைல ஒரு சோதனை வருது, ஒரு சக்கரத்த சுத்தி விடுவாங்க, அது 10லயோ 65லயோ நிக்கும், அப்புறம் சம்பந்தமே இல்லாம ஐநா சபைல ஆப்பிரிக்க நாடுங்க எத்தனை சதவீதம்னு கேப்பாங்க. சக்கரம் 10ல நின்னதப் பாத்தவங்க சொன்ன பதிலோட நடு மதிப்பு 25, 65ல நின்னதப் பாத்தவங்களோடது 45. சக்கரத்துக்கும் நாடுங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, இருந்தாலும் மொதல்ல கண்ணுல பட்ட எண்ணு ஆள இழுத்துடுது, இதுக்குப் பேரு ஆங்கரிங். எனக்கு அந்த 71 அப்படித்தான் ஆச்சு. 71ன்னு பாத்துட்டா 93 தாராளமா தெரியுது. பேண்ட மட்டும் பாத்திருந்தா 93ங்கறது கீழ் எல்லைய ஒட்டி நிக்குற எண்ணுன்னு சின்னக் கொழந்தைக்கு கூட புரியும். ஒருத்தரோட சம்பளத்த பேண்டோட நடு எண்ணால வகுத்து பாக்கறத கம்பா ரேஷியோன்னு சொல்லுவாங்க, அவரு 0.93, பக்கத்து சீட்டு 1.07, இத நான் ஆஃபர் குடுக்கறதுக்கு முன்னாடி போட்டுப் பாத்திருக்கணும்.

இதனாலதான் சில எடங்கள்ல பழைய சம்பளத்த கேக்கவே கூடாதுன்னு சட்டமே வந்திருக்கு. மாசசூசெட்ஸ்ல 2016ல சட்டம் போட்டு 2018ல அமலுக்கு வந்துச்சு, கலிஃபோர்னியாலயும் 2018 ஜனவரில இருந்து இருக்கு. ஐரோப்பிய யூனியன் 2023ல கொண்டு வந்த சம்பள வெளிப்படைத்தன்மை உத்தரவும் அதேதான் சொல்லுது, பழைய சம்பளத்த கேக்கக்கூடாது, ஆரம்ப சம்பளத்தயோ ரேஞ்சயோ வேலை தேடுறவங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும், உறுப்பு நாடுங்க அத அவங்கவங்க சட்டத்துல சேக்க 2026 ஜூன் 7 வரைக்கும் கெடு. சட்டம் இருக்கற எடமோ இல்லாத எடமோ, பழைய சம்பளம்ங்கற அந்த கட்டத்த ஷீட்ல இருந்து தூக்கிடுங்கன்னு ஏஜென்சிக்கு எழுதிட்டேன். மொதல்ல தயங்குனாங்க, அது இல்லாம எப்படி கேண்டிடேட்ட ஃபில்டர் பண்றதுன்னு கேட்டாங்க. ரேஞ்ச மொத போன்லயே சொல்லிடுங்க, ஒத்துவராதவங்க அவங்களே வெலகிடுவாங்கன்னு சொன்னேன். அப்படியேதான் ஆச்சு.

ஆறாவது ஆஃபர்லதான் எல்லாம் மாறுச்சு. ரொம்ப நல்ல கேண்டிடேட், இன்டர்வியூ பண்ண நாலு பேரும் ஒரே குரல்ல இவங்கதான்னு சொன்னாங்க. ஆஃபர் 104. ஏஜென்சில இருந்து போன், "சார், அவங்க 115க்கு கீழ இறங்க மாட்டேங்கறாங்க, விட்டுடலாம், என்கிட்ட 102க்கு வர்ற ஆள் இருக்கு." 115ங்கறது எங்க மேல் எல்லையயே தாண்டுது. பழைய நானா இருந்தா விட்டிருப்பேன். ஆனா மொத ஆஃபர்ல மெசேஜ் அனுப்புனவரு ஞாபகம் வந்துச்சு, நானே இந்த கேண்டிடேட் நம்பருக்கு கூப்பிட்டேன். சம்பளத்த பத்தி எடுத்த எடுப்புல பேசாம, "இந்த 115 எப்படி வந்துச்சுன்னு சொல்றீங்களா, தப்பா எடுத்துக்காதீங்க, புரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்"னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சொன்னாங்க, அவங்களுக்கு இப்போ இருக்கற கம்பெனில வருஷ போனஸ் இன்னும் ஏழு வாரத்துல வரணும், நாங்க சொல்ற தேதிக்கு ஜாயின் பண்ணா அது போயிடும், கிட்டத்தட்ட 11 அளவுக்கு. அத எப்படி கேக்கறதுன்னு தெரியாம சம்பளத்துலயே சேத்து கேட்டிருக்காங்க. 104ம் 11ம் 115, கணக்கு அவ்வளவுதான்!

நான் கேட்டேன், ஜாயினிங் தேதிய எட்டு வாரம் தள்ளி வெச்சா? "அப்படி பண்ண முடியுமா சார்? தேதிய மாத்தவே முடியாதுன்னு சொன்னாங்களே"ன்னாங்க. தேதி எனக்கு ஒரு பொருட்டே இல்ல. 104க்கே சேந்தாங்க. பத்து நிமிஷ போன். இன்னிக்கு என் டீம்ல நான் கண்ண மூடிட்டு வேலைய ஒப்படைக்கற ஆள் அவங்கதான். ஒருவேளை தேதிய தள்ள முடியாத நெலமைன்னா ஒரு தடவ மட்டும் தர்ற ஜாயினிங் போனஸ்னு 11 குடுத்திருக்கலாம், ஒரு வருஷத்துக்குள்ள போனா திருப்பித் தரணும்னு போட்டு, அடிப்படை சம்பளம் பேண்டுக்குள்ளயே நின்னிருக்கும். ஏஜென்சிக்கு இதெல்லாம் தெரியாம இல்ல, நல்லாவே தெரியும். ஆனா அந்தப் பொண்ணு சொன்ன முழு வாக்கியம் நடுவுல ரெண்டு பேர தாண்டி என்கிட்ட வரும்போது "115" ஆ சுருங்கிடுச்சு.

அதுக்கப்புறம் ஏஜென்சிகூட உக்காந்து பேசி காண்ட்ராக்ட்ட மாத்துனோம். ஆள் தேடுறது, ஷெட்யூல், நோட்டீஸ் பீரியட் ஃபாலோ அப் அவங்க. ஆஃபர் பேசுறது நான். ஃபீஸ் சதவீதம் இல்ல, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலையான தொகை, பாதி ஜாயினிங் அன்னிக்கு, பாதி 90 நாள் கழிச்சு. அவங்க ஒத்துக்கிட்டது எனக்கு ஆச்சரியம், அத பாராட்டணும், நெறைய ஏஜென்சி இதுக்கு வரமாட்டாங்க.

இப்போ நான் கேண்டிடேட்கிட்ட பேசுறப்ப லெட்டர் அனுப்புறதுக்கு முன்னாடியே ஒரு கால் போட்டுடுவேன், அதுல மொத கேள்வி "சம்பளத்த விட்டுடுங்க, இந்த வேலைக்கு வர்றதுல உங்கள யோசிக்க வெக்கிறது வேற என்ன?"ங்கறதுதான். ஒருத்தர் டைட்டில் சொல்லுவாரு, ஒருத்தர் வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து வேலை பாக்கணும்பாரு, பாதி விஷயம் எனக்கு செலவே வெக்காது. அப்புறம் இப்போ இருக்கற கம்பெனி போகாதீங்கன்னு சம்பளம் ஏத்தி கவுண்டர் ஆஃபர் குடுத்தா என்ன பண்ணுவீங்கன்னு அப்பவே கேட்டுடுவேன், ராஜினாமா பண்ணப்புறம் கேட்டா லேட்டு. லெட்டர் போனதும் வரி வரியா சேந்து படிப்போம், முக்கியமா சம்பளத்தோட தர்ற கம்பெனி பங்கு (ஷேர்) விஷயம். ஏஜென்சில மொத்த பங்கு மதிப்ப நாலால வகுத்து வருஷ சம்பளத்தோட கூட்டி ஒரே பெரிய எண்ணா சொல்லி வெச்சிருந்தாங்க, கேக்க நல்லாருக்கும், ஆனா எங்களோடது பரவலா இருக்கற அதே நாலு வருஷ வெஸ்டிங், ஒரு வருஷ கிளிஃப், அதாவது பங்கு நாலு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமாதான் சொந்தமாகும், மொத வருஷம் முடியாம எதுவும் கெடையாது. 12 மாசம் முடியற வரைக்கும் கைக்கு ஒண்ணும் வராது, 12வது மாசம் 25%, மீதி 36 மாசத்துல மாசா மாசம். பதினோராவது மாசம் கெளம்புனா பூஜ்யம். இத நான் வாய் விட்டு சொல்லிடுவேன், சொன்னதால யாரும் ஓடல.

யோசிக்க டைம் எவ்வளவு வேணும்னும் அவங்களையே கேப்பேன், பெரும்பாலும் மூணு நாலு நாள்தான் சொல்றாங்க, யாரும் ஒரு மாசம் கேக்கல.

ஒரு எடத்துல ஏஜென்சி சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கணும். நானே பேச ஆரம்பிச்ச புதுசுல, மனசுல 101 வெச்சுக்கிட்டு 95ல ஆரம்பிக்கலாம், பேரம் பேசி ஏறட்டும்னு ப்ளான் பண்ணேன். ஏஜென்சில எங்க கம்பெனிய கவனிச்சுக்கற அம்மா அதுக்கு நேராவே சொன்னாங்க, "வேண்டாம் சார், பேரம் பேசத் தெரிஞ்சவங்க 101 வாங்குவாங்க, கூச்சப்படுறவங்க 95லயே நின்னுடுவாங்க, திரும்ப அதே பக்கத்து சீட்டு கதைதான் வரும்." பதினஞ்சு வருஷமா ஆயிரக்கணக்கான பேர்கிட்ட பேசுன அனுபவம் அது. அன்னில இருந்து நியாயமான எண்ணுலயே ஆரம்பிக்கறேன், மேல ரெண்டு மூணு மட்டும் இடம் வெச்சுக்கறேன், அது ஏன் அந்த எண்ணுன்னும் சொல்லிடறேன்.

மாத்துனதுக்கு அப்புறம் 3 ஆஃபர், 2 பேர் சேந்தாங்க. மூணாவது ஆள் 112 கேட்டாரு, அவர்கிட்ட வேற ஆஃபர் உண்மையிலயே இருந்துச்சு. எங்க டீம்ல அதே வேலைய பல வருஷமா பாக்குறவங்க 99ல இருந்து 105க்குள்ள இருக்காங்க, உங்களுக்கு 112 குடுத்தா அவங்க மொகத்துல நான் முழிக்க முடியாது, மொதல்ல அவங்களுக்கு ஏத்தணும், இந்த வருஷம் அது என்னால ஆகாதுன்னு நேராவே சொன்னேன். புரியுது சார்னாரு, அங்க போயிட்டாரு. இது தோத்துப்போன ஆஃபர்னு நான் நெனைக்கல, ரெண்டு நாள்ல முடிஞ்சுது, ரெண்டு பேருக்கும் எங்க நிக்குறோம்னு தெரிஞ்சுது.

ரேட்டிங் கேட்டா, ஆள் தேடுறதுக்கு 5க்கு 4.5. பழைய முறைல ஆஃபர் பேசுனதுக்கு 1.5. இப்போ இருக்கற ஏற்பாட்டுக்கு 4, அர மார்க் கொறைக்காம குடுக்கறேன், ஏன்னா குறை சொன்னப்ப காது குடுத்து கேட்டு மாத்துனாங்க. ஏஜென்சி வெச்சிருக்கறவங்க ஒரு காரியம் பண்ணிப் பாருங்க, கடைசியா வேண்டாம்னு போன கேண்டிடேட்டுக்கு நீங்களே ஒரு போன் போட்டு அவங்களுக்கு என்ன சொல்லப்பட்டுச்சுன்னு கேளுங்க, நீங்க சொல்லி அனுப்புனதும் அவங்க காதுல விழுந்ததும் ஒண்ணுதானான்னு தெரிஞ்சிடும்.

அடுத்த மாசம் எங்க காண்ட்ராக்ட் ரினியூவல். ரீப்ளேஸ்மென்ட் கேரண்டிய 90ல இருந்து 180 நாளாக்க கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றோம்னு சொல்லிருக்காங்க. அதுக்கு ஒத்துக்கிட்டா கண்டிப்பா தொடருவேன், 120 நாள்னு நடுவுல வந்து நின்னாலும் தொடரத்தான் போறேன், அவங்ககிட்டயும் அத மறைக்காம சொல்லிட்டேன்.